ஐம்பொன் சாம்பிள் பாலிஷ்: வெல்வெட்டா, பட்டா? கருப்புப் புள்ளி ஈயமா, ஓட்டையா?

அரசலாறு_23

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் மெட்டலர்ஜி லேப் உதவியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் சுவாமிமலை ஐம்பொன் வார்ப்பு பற்றி ப்ராஜெக்ட் செய்கிறார்கள். ஒரு பட்டறையில் கேட்டு, உலோகம் ஊற்றிய வழியில் உறைந்து நின்ற துண்டு ஒன்றை வாங்கி வந்தோம். சிலையைத் தொடவில்லை, வெட்டிக் கழித்த துண்டுதான்.

நான் செய்தது இது. ஹாக்சாவில் அறுத்து, பிடித்துத் தேய்க்க வசதியாக பேக்கலைட் பிளாஸ்டிக்கில் பதித்து (மவுண்ட் செய்து), எமரி பேப்பர் 1/0, 2/0, 3/0, 4/0 என்று தேய்த்தேன். பிறகு டிஸ்க் மெஷினில் வெல்வெட் துணி, அலுமினா (பாலிஷுக்கான நுண்ணிய பொடி) கரைசல், சுமார் பத்து நிமிடம். கண்ணுக்கு முகம் பார்க்கிற அளவு பளபளப்பு வந்துவிட்டது. ஆனால் மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கில் வைத்தால் எங்கு பார்த்தாலும் கருப்புப் புள்ளிகள். பல புள்ளிகளுக்கு வால் நட்சத்திரம் மாதிரி வால். நடுநடுவே நீளமான கீறல்கள்.

மாணவர்கள் "வார்ப்பில் துளைகள் அதிகம், தரம் குறைவு" என்று அறிக்கையில் எழுதத் தயாராகிவிட்டார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. அந்தப் பட்டறைக்காரர் நம்பிக் கொடுத்த துண்டு. என் பாலிஷ் தப்பாக இருந்து, பழி அவர் வார்ப்பின் மேல் விழக் கூடாது. புதிதாகச் சாமான் வாங்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதிகமில்லை. எதை வாங்கலாம், எதை விடலாம் என்று சொல்லுங்கள்.

துவாக்குடி_வெல்ட்லேப்

தம்பி, முதலில் அறிக்கையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் நாலு கேள்வி. அலுமினா எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு)? வெல்வெட் எங்கே வாங்கியது? கழுவுவது எந்தத் தண்ணீர்? ஒவ்வொரு பேப்பருக்கும் நடுவில் சாம்பிளைக் கழுவினீர்களா?

நான் இருபது வருடமாக பாய்லர் குழாய் வெல்டிங் சாம்பிள்தான் பார்க்கிறேன், எல்லாம் எஃகு. எஃகுக்கு வெல்வெட்டும் அலுமினாவும் நன்றாகவே போகும். ஐம்பொன்னில் ஈயம் இருக்கும் அல்லவா? பத்து நிமிட வெல்வெட் என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் அங்கேதான் போனது.

அரசலாறு_23

அலுமினா பாட்டிலில் 0.3 மைக்ரான் என்று இருக்கிறது. வெல்வெட் தஞ்சாவூரில் ஜவுளிக்கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியது, முன்பு இருந்தவர் காலத்திலிருந்தே அப்படித்தானாம். தண்ணீர் போர் தண்ணீர். கழுவினேன், ஆனால் ஒவ்வொரு முறையும் என்று சொல்ல முடியாது சார். ஈயம் உண்டு என்று பட்டறையில் சொன்னார்கள்.

வெண்ணாறு

நான் பதினெட்டு வருடமாக ஒரு கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்கிறேன், இந்தப் பக்கம்தான். நீங்கள் செய்த அதே தப்பை என் முதல் இரண்டு வருடமும் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஈயம் செம்பில் கரையாது. வார்ப்பு உறையும்போது ஈயம் கடைசி வரை திரவமாக இருந்து, டென்ட்ரைட் (மரம் போலக் கிளைவிட்டு வளரும் உலோகப் படிகம்) கிளைகளுக்கு நடுவில் சின்னச் சின்ன உருண்டையாக மாட்டிக்கொள்ளும். சுற்றியுள்ள செம்புக் கலவை ஓரளவு கடினம், இந்த உருண்டையோ நகத்தால் கீறலாம், அவ்வளவு மென்மை. இப்போது வெல்வெட்டை நினைத்துப் பாருங்கள். அதில் ஆயிரக்கணக்கான நூல் முனைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு முனையும் அலுமினாத் துகளைப் பிடித்துக்கொண்டு, மென்மையான இடம் கிடைத்தால் அதற்குள் இறங்கித் தோண்டும். கடினமான இடம் மேடாக நிற்கும், ஈயம் பள்ளமாகும், பத்து நிமிடத்தில் சில உருண்டைகள் அடியோடு வெளியே வந்துவிடும். ஈயம் இருந்த குழியைத்தான் ஓட்டை என்று பார்க்கிறீர்கள். எல்லாப் புள்ளியும் அப்படி என்று சொல்லவில்லை. வார்ப்பில் நிஜமான துளையும் இருக்கலாம். ஆனால் இந்தச் சாம்பிளை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

வால் வருவதும் இதே காரணம்தான். சாம்பிளை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் ஓட்டினால், குழிக்குப் பின்னால் வால் இழுக்கும். டிஸ்க் சுற்றும் திசைக்கு எதிராகச் சாம்பிளை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது உலோகத்தில் இருப்பவற்றிலேயே எது மென்மையானதோ, எது எளிதில் பெயர்ந்து வருமோ, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு அது ஈயம். ஈயம் தங்க வேண்டுமென்றால் மயிர் இல்லாத, தட்டையாக நெய்த துணி வேண்டும். நைலான் உண்டு, பட்டு உண்டு. அதன் மேல் வைர பேஸ்ட். வெல்வெட் கடைசியில் அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். அதற்கு மேல் வேண்டாம்.

துவாக்குடி_வெல்ட்லேப்

மேடம் சொல்வதில் துணி விஷயம் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். வைர பேஸ்ட் அவசியமா என்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. சின்னக் கல்லூரிக்கு அது பெரிய செலவு. அலுமினாவிலேயே 1 மைக்ரான், 0.3, 0.05 என்று மூன்று படியாக வாங்கி, மயிர் இல்லாத துணியில் ஓட்டினால் போதாதா? நாங்கள் வருடக் கணக்கில் அப்படித்தான் செய்தோம்.

வெண்ணாறு

சார், எஃகில் அது நடக்கும். எஃகு முழுக்க ஏறக்குறைய ஒரே கடினம். ஐம்பொன், வெண்கலம் இவற்றில் கடினமும் மென்மையும் கலந்து கிடக்கிறது. வெள்ளீயம் அதிகமுள்ள வெண்கலத்தில் டெல்டா என்று ஒரு கட்டம் (செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த தனிப் பகுதி) வரும், அது நல்ல கடினம், பக்கத்திலேயே ஈயம். அலுமினா மெதுவாக வெட்டும். மெதுவாக வெட்டினால் அதிக நேரம் ஓட்ட வேண்டும். நேரம் கூடக் கூட மேடு பள்ளம் கூடும். வைரம் கடினத்தையும் மென்மையையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வெட்டுவதால் முகம் தட்டையாக நிற்கும். காசு கொடுப்பது அந்தத் தட்டைத்தன்மைக்குத்தான்.

செலவும் நினைக்கிற அளவு இல்லை. 3 மைக்ரானில் ஒரு சிரிஞ்ச், 1 மைக்ரானில் ஒரு சிரிஞ்ச். 6 மைக்ரான் இப்போதைக்கு வேண்டாம், பேப்பரை ஒழுங்காக முடித்தால். ஒரு சிரிஞ்ச் கணக்காகப் பயன்படுத்தினால் ஒரு செமஸ்டர் ஓடும். புதுத் துணிக்கு முதல்முறை கொஞ்சம் தாராளமாகத் தடவ வேண்டும், பிறகு ஒவ்வொரு சாம்பிளுக்கும் பச்சைப்பயறு அளவு போதும். கூடவே விற்கும் மசகுத் திரவத்தில் சில சொட்டு விடுங்கள், துணி ஈரமாக இருந்தால் போதும், சொதசொதவென்று வேண்டாம். சொதசொதவென்று இருந்தால் சாம்பிள் துகளைத் தொடாமல் திரவத்தின் மேல் மிதந்து போகும்.

துவாக்குடி_வெல்ட்லேப்

மெதுவாக வெட்டுவதால் நேரம் கூடும், நேரம் கூடுவதால் மேடு பள்ளம் என்பதை நான் இப்படி யோசித்ததில்லை. சரி, இந்த உலோகத்துக்கு வைரம்தான்.

ஆனால் தம்பியின் நீளக் கீறல்கள் துணியால் வந்தவை இல்லை. அது பேப்பரில் விட்ட கணக்கு. 4/0 எமரி முடித்துவிட்டு நேரே 0.3 மைக்ரானுக்குத் தாவியிருக்கிறார். எமரி என்பது இயற்கைக் கல், அலுமினாவும் இரும்பு ஆக்சைடும் கலந்தது. முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பேப்பர் வெட்டாது, அமுக்கி இழுக்கும். மென்மையான உலோகம் அப்படியே கீறலுக்கு மேல் மடிந்து மூடிக்கொள்ளும். பாலிஷில் அந்த மூடி கழன்றதும் பழைய கீறல் மறுபடியும் எழுந்து வரும். எட்ச் செய்தபின் (உள்ளமைப்பு தெரிய அமிலக் கரைசல் தடவியபின்) திடீரென்று கீறல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சிலிக்கான் கார்பைடு பேப்பருக்கு மாறுங்கள், ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்பார்கள். தண்ணீர் ஊற்றியே தேய்க்க வேண்டும். இதில் ஒரு பெரிய குழப்பம் உண்டு, கவனமாகக் கேளுங்கள். பேப்பரின் முதுகில் எண்ணுக்கு முன்னால் "பி" என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பி600 என்றால் துகள் சுமார் 26 மைக்ரான். "பி" இல்லாத, அமெரிக்க அளவிலான 600 என்றால் சுமார் 16 மைக்ரான். அது பி1200க்குச் சமம். இரண்டு பேர் "600 வரை தேய்த்தேன்" என்று சொன்னால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எங்கள் லேபில் கடைக்காரர் மாற்றிக் கொடுத்ததால் ஒரு மாதம் முழுக்கக் கீறலோடு போராடினோம், முதுகைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

உங்களுக்கு பி240, பி400, பி800, பி1200 போதும். கிடைத்தால் பி2400 ஒன்று, அது மென்மையான உலோகத்தில் நிறைய வேலையைக் குறைக்கும். ஒவ்வொரு பேப்பருக்கும் சாம்பிளை 90 டிகிரி திருப்புங்கள். பழைய கோடு முழுக்கப் போனபிறகும் அதே அளவு நேரம் இன்னொரு முறை தேய்க்க வேண்டும். கோட்டுக்கு அடியில் உலோகம் நசுங்கியிருக்கும், அதையும் எடுக்க வேண்டும். ஒரு தாள் ஒன்றரை நிமிடம் தாண்டினால் மழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல.

தேன்மெழுகு

நான் சுவாமிமலை. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து வார்ப்பு வேலை. இந்த இழையை மாமா மகன் அனுப்பினான். உங்களுக்குத் துண்டு கொடுத்தது எங்கள் பட்டறை இல்லை, ஆனாலும் "வார்ப்பில் துளைகள், தரம் குறைவு" என்று படித்ததும் வருத்தமாகத்தான் இருந்தது. தம்பி அதைக் கேள்வி கேட்டது நல்ல காரியம்.

நாங்கள் செம்பு பெரும்பங்கு போட்டு, பித்தளை, கொஞ்சம் ஈயம் சேர்ப்போம். பொன்னும் வெள்ளியும் சிறு அளவு. ஈயம் சேர்ப்பது சும்மா இல்லை. உலோகம் விரல் நுனி, நகை வேலைப்பாடு வரைக்கும் ஓட வேண்டும், அப்புறம் உளி இறங்க வேண்டும். ஈயம் இல்லாத வார்ப்பில் உளி வழுக்கும்.

இன்னொன்று. ஊற்றும் வழியில் நிற்கிற துண்டு சிலை ஆகாது. அது கடைசியில் உறைவது. சுருக்கமும் காற்றும் அங்கே ஒதுங்கட்டும் என்றுதான் அந்த வழியே பெரிதாக வைக்கிறோம். அதில் ஓட்டை இருந்தாலும் சிலையில் இருக்கும் என்று எழுத முடியாது. இதை மாணவர்கள் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகம். பேப்பரில் உள்ள கல் துகள் ஈயத்தில் குத்திக்கொண்டு நின்றுவிடாதா? நாங்கள் அரம் போடும்போதே அப்படி ஆகும்.

வெண்ணாறு

அண்ணே, நீங்கள் சொன்ன ஊற்றும் வழி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மிக முக்கியம்.

ஆமாம், துகள் குத்தி நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் ஈய உருண்டைக்குள் கூரான கோணத்தோடு ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு, வார்ப்பில் வந்ததில்லை. இதற்குப் பழைய வழி, பேப்பர் மேல் மெழுகு தடவித் தேய்ப்பது. நுண்ணிய பேப்பர்களுக்கு மட்டும். மெழுகு துகளை நன்றாகப் பிடித்து வைக்கும், கழன்று வந்து குத்தாது.

தேன்மெழுகு

மெழுகா! எங்களிடம் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்தது எப்போதும் இருக்கும். தரட்டுமா?

வெண்ணாறு

குங்கிலியம் சேர்ந்தது வேண்டாம் அண்ணே, பிசுபிசுப்பு அதிகம், பேப்பர் அடைத்துக்கொள்ளும். வெறும் தேன்மெழுகையும் முயன்று பார்த்தேன், அதுவும் கொஞ்சம் ஒட்டுகிறது. சாதாரண வெள்ளை மெழுகுவத்தியே நன்றாக வேலை செய்தது. தாளில் நாலு கோடு மாதிரி லேசாக இழுத்தால் போதும். முடிந்ததும் சோப்பு போட்டு, அப்புறம் ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும். மெழுகு மிச்சமிருந்தால் எட்ச் திட்டுத்திட்டாக வரும்.

அரசலாறு_23

பட்டுத் துணி என்றீர்களே மேடம், அதை லேப் சாமான் விற்பவர்களிடம் கேட்டால் வரவழைக்க மூன்று வாரம் என்கிறார்கள். மே மாதத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

தேன்மெழுகு

தம்பி, பட்டுக்கு மூன்று வாரமா? திருபுவனம் பக்கத்தில் இருந்துகொண்டு?

வெண்ணாறு

சரியாகச் சொன்னீர்கள். நானே நாலு வருடமாக நெசவாளர் வீட்டில் மிஞ்சும் வெட்டுத்துண்டுதான் வாங்குகிறேன். ஆனால் எதை வாங்குவது என்று தெரிந்து வாங்க வேண்டும். சரிகை ஒரு இழை கூட இருக்கக் கூடாது. புட்டா, கோர்வைக் கரை எதுவும் வேண்டாம், வெற்று உடல் பகுதி. நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். வெந்நீரில் நாலு முறை அலசி, கஞ்சியும் சாயமும் போகும் வரை விடுங்கள், அலசிய தண்ணீர் தெளிவாக வரணும். காய்ந்ததும் டிஸ்க்கில் முரசுத் தோல் மாதிரி இழுத்து வளையம் போட்டு இறுக்குங்கள். ஒரு சுருக்கம் இருந்தாலும் சாம்பிள் அதில் இடறிக் கிழித்துவிடும்.

அந்தத் துணி 3 மைக்ரானுக்கு மட்டும். 1 மைக்ரானுக்கு வேறு துணி. 3 ஓட்டிய துணியில் 1 ஓட்டவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு மேலே எழுதி வையுங்கள். டிஸ்க் 150 சுற்று போதும். 3 மைக்ரானில் நாலு நிமிடம், 1 மைக்ரானில் மூன்று நிமிடம்.

எவ்வளவு அழுத்துவது என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். 30 மில்லிமீட்டர் மவுண்டுக்கு இரண்டரை, மூன்று கிலோ. ஒரு தராசை மேசையில் வைத்து, சாம்பிளைப் பிடிப்பது போலவே பிடித்து அமுக்கி, முள் மூன்றில் நிற்கும் வரை பழகச் சொல்லுங்கள். கை பத்து முறையில் கற்றுக்கொள்ளும்.

நாகை_உப்புக்காற்று

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. படகு எஞ்சின் உதிரிகளின் எஃகுச் சாம்பிள் கழுவி வைத்தால் மறுநாள் காலையில் பழுப்புப் புள்ளி. நானும் ரொம்ப நாள் அதைச் சாம்பிளிலேயே உள்ள குறை என்று நினைத்தேன். இப்போது கடைசிக் கழுவல் டிஸ்டில்ட் வாட்டரில், உடனே ஸ்பிரிட், உடனே ஹேர் டிரையர், சாய்வாகப் பிடித்து. ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் போதாது, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிட வேண்டும். அரசலாறு தம்பியும் அலுமினாவைக் கரைக்கப் போர் தண்ணீர் எடுக்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீரில் பொடி கட்டி தட்டிவிடும், அந்தக் கட்டியே கீறும்.

அரவைமில்_ஃபவுண்டரி

எனக்கும் இதே தொல்லைதான், உலோகம் மட்டும் வேறு. நெல் அரவை மில் உதிரிகளுக்கு வார்ப்பிரும்பு ஊற்றுகிறோம், சிலவற்றில் உருண்டை கிராஃபைட் (இரும்புக்குள் உருண்டையாக நிற்கும் கார்பன்). வெளி லேபில் "உருண்டை வடிவம் சரியில்லை, ஓரம் பிய்ந்திருக்கிறது" என்று திருப்பிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த படத்தில் கிராஃபைட் எல்லாம் ஒரே கரியாக, உள்ளே ஒன்றுமே தெரியாமல் இருக்கிறது. இதுவும் ஈயம் மாதிரி பாலிஷில் பிடுங்கிக்கொண்டு வந்ததுதானா?

துவாக்குடி_வெல்ட்லேப்

பெரும்பாலும் ஆமாம். கிராஃபைட் ஒழுங்காகத் தங்கியிருந்தால் சாம்பல் நிறமாக, நல்ல உருண்டை என்றால் உள்ளே நடுவிலிருந்து விரியும் கோடுகளோடு தெரியும். வெறும் கருப்பு என்றால் குழிதான் மிச்சம். பக்கத்து இரும்பு குழிக்குள் வழிந்து ஓரத்தைச் சிதைத்துவிடும், அதை வடிவக் குறை என்று எண்ணிவிடுவார்கள். அவர்களிடம் வெல்வெட் நேரத்தைக் குறைத்து, மயிர் இல்லாத துணியில் வைரத்தோடு மறுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள். எட்ச் செய்யாமல் எடுத்த படமும் கேளுங்கள். கிராஃபைட்டை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அரசலாறு_23

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னபடியே செய்தேன். பழைய சாம்பிளையே பி240லிருந்து மறுபடி ஆரம்பித்தேன், பேக்கலைட் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துவிட்டு. பி1200க்கும் பி2400க்கும் மெழுகுவத்தி. திருபுவனத்தில் ஒரு தறி வீட்டில் காசே வாங்காமல் அரை மீட்டர் வெள்ளைப் பட்டு கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன், ஆச்சரியப்பட்டார்கள்.

400 மடங்கில் வைத்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. முன்பு கருப்பாக இருந்த புள்ளிகளில் பெரும்பாலானவை இப்போது மங்கிய சாம்பல் நிற உருண்டைகள். ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தினேன். சாம்பல் உருண்டை சுற்றியுள்ள உலோகத்தோடு சேர்ந்தே தெளிகிறது, சேர்ந்தே மங்குகிறது, அதனால் ஒரே மட்டம். ஒரு சில இடங்கள் மட்டும் கருப்பு, கோணல் வடிவம், அடியைப் பார்க்க ஃபோகஸைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. அவை நிஜமான சுருக்கத் துளை என்று நினைக்கிறேன். எண்ணிப் பார்த்தோம், ஒரு பார்வையில் முன்பு நாற்பதுக்கு மேல் கருப்பு, இப்போது மூன்று நாலு.

ஃபெரிக் குளோரைடு 5 கிராம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லி, தண்ணீர் 100 மில்லி போட்டுப் பஞ்சால் பத்து வினாடி துடைத்தேன். டென்ட்ரைட் மரம் மரமாக வந்தது, கிளைகளுக்கு நடுவில் ஈயம் வரிசையாக.

ஒரு கேள்வி மிச்சம். எட்ச் செய்வதற்கு முன் சில இடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சின்னத் துகள்கள் இருந்தன. ஈயத்தின் நிறம் இல்லை.

வெண்ணாறு

போலரைஸ்டு வெளிச்சம் இருந்தால் போட்டுப் பாருங்கள். மாணிக்கச் சிவப்பாக மின்னினால் செம்பு ஆக்சைடு. உருக்கும்போது காற்று பட்டு வருவது.

அரசலாறு_23

சிவப்பு! மாதுளை முத்து மாதிரி. மாணவர்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அறிக்கையில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஈயம் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஒரு பகுதி, ஊற்றும் வழித் துண்டும் சிலையும் ஒன்றல்ல என்று ஒரு பத்தி, பழைய பாலிஷ் படமும் புதிய பாலிஷ் படமும் பக்கத்துப் பக்கத்தில்.

துவாக்குடி_வெல்ட்லேப்

அந்த இரண்டு படங்களையும் லேப் சுவரில் ஒட்டி வையுங்கள் தம்பி. கீழே துணி, துகள் அளவு, நேரம் மூன்றும் எழுதி. அடுத்த வருடம் வருபவர்களுக்கு உதவும்.

தேன்மெழுகு

எனக்கும் ஒரு பிரிண்ட் கிடைக்குமா தம்பி? அப்பாவுக்கு 74 வயது. உளி இறங்குவதற்கு ஈயம் வேண்டும் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்ததில்லை.

அரசலாறு_23

கண்டிப்பாக அண்ணே. சனிக்கிழமை பட்டறைக்காரருக்கு ஒரு பிரதி கொடுக்க சுவாமிமலை வருகிறோம், அப்படியே உங்கள் வீட்டுக்கும் வருகிறேன். எட்ச் செய்ததும் செய்யாததும், 100 மடங்கும் 400 மடங்கும், நாலு படம். அப்பாவுக்கு வசதியாகப் பெரிய தாளில் போட்டு எடுத்து வருகிறேன்.